மகலா சொன்ன தேதி

1866-ம் வருஷத்துக் கோடையில் வட கரோலினாவின் எங்கள் ஆற்றங்கரை ஊரில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. அடிமைகளை விடுவித்த உள்நாட்டுச் சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாலம் எரிந்து வெறும் கரித்தூணாக நின்றது. கோர்ட்டுக் கட்டடத்துக்குக் கூரை கிடையாது. பாதி வயலில் களைதான் வெள்ளாமை. இருந்தால் என்ன? நேற்றுவரை குதிரை, கலப்பையோடு சேர்த்து எண்ணப்பட்ட ஜனங்களைப் பார்த்து, உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று சர்க்கார் கேட்கிறது! காட்ஃப்ரி என்கிற தச்சன் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஒரு பெயர் வைத்துக்கொண்டான். ஒரு வாரம் போட்டுப் பார்ப்பான், பிறகு, "தோள்ல இறுக்குதுப்பா" என்று கழற்றிப் போட்டுவிடுவான். அவனை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவன் பெண்டாட்டி சைனிக்கே குழப்பம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கல்யாணப் பதிவு என்று ஒன்று வந்ததே, அதில்தான் ஊர் மொத்தமும் கிறுகிறுத்துப் போனது. அடிமைகளாக இருந்தபோது சேர்ந்து வாழ்ந்தவர்கள் எல்லாரும் செப்டம்பர் முதல் தேதிக்குள் கோர்ட்டுக் குமாஸ்தா முன்னால் போய், நாங்கள் புருஷன் பெண்டாட்டி, இன்ன நாளிலிருந்து, என்று சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும் என்று புதுச் சட்டம். கூரை இல்லாததால் குமாஸ்தா ஓக் மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் தலையில் பூச்செருகி வந்து நின்றார்கள். ஒருவர் புதுச் செருப்பைக் கையில் ஏந்தி நாலு மைல் நடந்து வந்து, மேஜைக்கு முன்னால் மட்டும் மாட்டிக்கொண்டார். எழுதி முடித்தவர்கள் அங்கேயே துடைப்பத்தைக் கிடத்தித் தாண்டிக் குதித்தார்கள், அடிமைக் காலத்துக் கல்யாண வழக்கப்படி. இடுப்பு பிடித்துக்கொண்டவர்களைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டியிருந்தது. அத்தனை சந்தோஷம்!

இப்படி ஊரே குதித்துக்கொண்டிருக்கும்போது, நான் எழுத மாட்டேன் என்று ஒருத்தி உட்கார்ந்தாள். அவள்தான் மகலா.

மகலாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பவள். அவள் தேய்த்த சட்டையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். கஞ்சி போடுவதில் அவளுக்கு ஒரு கணக்கு, கோபப்படுவதில் ஒரு கணக்கு, இரண்டிலும் யாரும் குறுக்கே பேச முடியாது. விடுதலை என்று அறிவித்த அன்றைக்கே எசமானி அம்மாளின் சமையலறையிலிருந்து வெளியே வந்து, ஏப்ரனை அவிழ்த்து வேலிக்கம்பில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தவள். ஏப்ரன் ஒரு வாரம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்ததாம்.

அவள் புருஷன் ஐஷம் அவளுக்கு நேர் எதிர். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். பாலத்துக்குப் புதுத் தூண் இறக்குகிற கூட்டத்தில் வேலை. ஒரு நாளைக்கு அவன் பேசுகிற வார்த்தைகளை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். அவனிடம் ஊர் சிரிக்கிற பழக்கம் ஒன்று இருந்தது. தன் வீட்டு வாசலிலேயே நின்று, தொப்பியைக் கழற்றி, "மகலா, வரலாமா?" என்று கேட்பான். அவள் "வா" என்றால்தான் உள்ளே காலை வைப்பான். தினமும் இதே கதை. "உன் வீட்டுக்குள்ள வர்றதுக்கு உனக்கு என்னய்யா அனுமதி?" என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாளில்லை. பாலத்து ஆட்கள் அவனுக்கு 'விருந்தாளி' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே ஐஷம் சொன்னான். "மகலா, நாளைக்கு மரத்தடிக்குப் போய் எழுதிட்டு வந்துருவமா?"

"எதை?"

"நாம புருஷன் பொண்டாட்டின்னு."

"அது எப்படி ஆச்சு?"

ஐஷம் பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்தான். "எது எப்படி ஆச்சு?"

"நாம புருஷன் பொண்டாட்டி ஆனது. நீ என்னக் கட்டிக்கிறியான்னு கேட்டியா?"

"என்ன புள்ள இது... இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. மூணு பிள்ளைங்க."

"வருஷத்தக் கேக்கலய்யா. கேட்டியா இல்லையா?"

மூத்தவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கடைக்குட்டி ரோடி, பதினாலு வயசுப் பெண், அப்பன் தட்டுக்கும் அம்மா முகத்துக்கும் மாறி மாறிப் பார்த்தது. ஐஷம் யோசித்தான், நன்றாகவே யோசித்தான். "இல்ல" என்றான்.

உண்மைதானே. கேட்கிற முறையில் ஆகவில்லை அந்தக் கல்யாணம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து நாலு நவம்பரில், சோளம் உரிக்கிற நாளில், எசமான் டாலிவர் விருந்தாளிகளோடு குடித்துவிட்டுக் களத்துக்கு வந்தார். கைத்தடியால் இவனைக் காட்டினார், இவளைக் காட்டினார். "இனிமே நீங்க ஜோடி" என்றார். அவ்வளவுதான். அப்போது மகலாவுக்குப் பதினேழு வயது. ஐஷத்தின் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. துடைப்பம் தாண்டச் சொன்னார்கள். வேண்டுமென்றே அதை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார் டாலிவர். மகலா தடுக்கிச் சோளத்தோல் குவியலில் முகம் குப்புற விழுந்தாள். விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை. எப்படி மறப்பாள்? யார் மறப்பார்கள்?

ரொட்டித் தட்டுக்கு முன்னால் நடந்த அந்தப் பேச்சுக்கு மறுநாள் காலையில், இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைத் துணியில் முடிந்து தலையில் வைத்துக்கொண்டு மகலா சைனி வீட்டுக்குக் குடி போனாள். சைனி அவளுக்குச் சிறுவயதுத் தோழி. அடுத்த தெருதான். வீட்டை விட்டுப் போனாலும் ஐஷத்தின் சட்டையை மட்டும் ரோடியிடம் சொல்லி வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள். கசங்கிய சட்டையோடு அவன் ஊரில் நடந்தால் அவள் தொழிலுக்கல்லவா கேவலம்!

"ஏண்டி, உனக்குக் கொழுப்புதானே?" என்றாள் சைனி. "இந்த ஊர்ல உன் புருஷன் மாதிரி ஒருத்தனக் காட்டு. என்னுது பாரு, இந்த வாரம் அதுக்கு என்ன பேருன்னே தெரியல."

"அவன் மேல எனக்கென்ன குறை? தங்கமான ஆளு."

"அப்புறம் என்ன வேணும் உனக்கு?"

"கேக்கணும். என்னப் பாத்து, கட்டிக்கிறியான்னு கேக்கணும். சரின்னும் சொல்லலாம், முடியாதுன்னும் சொல்லலாம்னு நான் நிக்கணும், சைனி. ஒரே ஒரு தடவ."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"அது எனக்கு இப்ப எப்படித் தெரியும்? கேட்டப்புறம்தான் தெரியும். அதுக்குப் பேருதானே கேக்கிறது!"

சைனிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சும்மா சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. அப்பன் பெயர் காகிதத்தில் இல்லாத பிள்ளைகளைப் பழைய எசமான்களிடமே வேலைக்குக் கட்டிவிடுகிற கோர்ட்டுகளும் அந்தக் காலத்தில் இருந்தன. ரோடிக்குப் பதினாலு வயது. மகலாவுக்கு அது தெரியாதா? "கடைசி நாள் வரைக்கும் பாப்பேன்" என்றாள். "அதுக்குள்ள அவன் கேக்கலன்னா, புள்ளைக்காகப் போய் எழுதிருவேன். ஆனா அது எனக்கு ரெண்டாவது துடைப்பம்தான். மொதத் தடவ எசமான் தூக்கிப் பிடிச்சாரு, இந்தத் தடவ சர்க்கார் தூக்கிப் பிடிக்குது. வேற என்ன வித்தியாசம்?"  உடனே இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் காட்ஃப்ரியின் கால்சட்டையைப் போட்டு அழுத்து அழுத்தென்று அழுத்தினாள்.

காட்ஃப்ரி விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். வாலிபத்தில் அவன் காதல் பேச்சில் கெட்டிக்காரன். எங்கள் ஜனங்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பெண்ணை நேராகப் பிடித்துக் கேட்டுவிடக் கூடாது, பெரிய பெரிய வார்த்தைகளில் புதிர் போட வேண்டும். அவளும் புதிராகத்தான் பதில் சொல்வாள். அந்தப் பதிலில் இருக்கும் எல்லாம். இதைக் கற்றுக்கொள்ள வாலிபர்கள் பைத்தியமாய் அலைவார்கள். ஐஷத்துக்குத்தான் கைத்தடியால் பெண் காட்டிவிட்டார்களே, அவன் எங்கே கற்றான்?

"நல்லாக் கேட்டுக்கோ அண்ணே" என்றான் காட்ஃப்ரி, மார்பில் கை வைத்துக்கொண்டு. "'மதிப்பிற்குரிய சீமாட்டியே! தாங்கள் காற்றில் பறக்கும் இறகா, கூட்டில் வைத்த இறகா? கூட்டில் வைத்ததானால் வணங்கி விலகுகிறேன். பறப்பதானால், அடியேன் தொப்பியை ஏந்தலாமா?' வேற ஆளு இருக்கா இல்லையான்னு கேக்கிறதுதான் இது. எங்க, சொல்லு."

"மதிப்பிற்குரிய... மகலா."

"சீமாட்டியே!"

"அவளுக்கு அந்தப் பேரு இல்லியே?"

காட்ஃப்ரி தலையில் அடித்துக்கொண்டான். மூன்று வாரம் பாடம் நடந்தது. பாலத்தில் மரம் இழுக்கிற கோவேறு கழுதையின் காதில் ஐஷம், "தாங்கள் பறக்கும் இறகா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததைக் கூட்டமே பார்த்துவிட்டது. அன்றைக்குத் தூண் ஒன்றும் இறங்கவில்லை. இறக்க வேண்டியவர்கள் எல்லாரும் கரையில் உருண்டு கிடந்தார்கள்.

ஆகஸ்டு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, தேய்த்த சட்டையோடு ஐஷம் மகலாவுக்கு முன்னால் போய் நின்றான். ஊர் வட்டம் கட்டிவிட்டது. மகலா தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டாள். வந்துட்டான், கேக்கப் போறான்!

"மதிப்பிற்குரிய சீமாட்டியே" என்று தொடங்கினான் ஐஷம். நன்றாகத்தான் தொடங்கினான். "தாங்கள் காற்றில் பறக்கும்... பறக்கும்..." காட்ஃப்ரி பின்னாலிருந்து வாயசைத்தான். ஐஷத்துக்கு எதுவும் புரியவில்லை. வேர்த்து ஊற்றியது. "பறக்கும் கோழியா?"

அடக்க முடியுமா? போதகரே வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகலாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தி, அவளும் முறைப்படியே பதில் சொன்னாள். "ஐயா, கோழி விசாரிக்க வந்தவர் கோழிக்கூண்டுக்குப் போகவும். இங்கே பெண்தான் இருக்கிறாள்." கைதட்டல் வானத்தைப் பிளந்தது. ஆனால் சைனி வீட்டுக்கு வந்ததும் தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நல்லாத்தான் வந்தான் சைனி. அந்தக் கோழி மட்டும் வராம இருந்திருந்தா..."

ஆகஸ்டு முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. கடைசி நாள். மரத்தடியில் எள் போட இடமில்லை. பிடில்காரன் ஒருத்தன் வாசிக்க, வரிசையில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே ஆடினார்கள். குமாஸ்தா சண்டையில் ஒரு கையை இழந்த வெள்ளைக்காரர். மிச்சமிருந்த கையும் எழுதி எழுதி ஓய்ந்துபோய், மைக்கூட்டை முறைத்துக்கொண்டிருந்தார். மகலா, சைனியோடு மேஜைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரோடி அவள் கையைப் பிடித்திருந்தது.

"அம்மா, அப்பா வரலன்னா?"

"வருவாரு."

"வந்து மறுபடியும் கோழின்னா?"

"எழுதிருவோம்டி. எழுதிட்டுப் போவோம்." அதைச் சொல்லும்போதே அவளுக்கு அந்தப் பழைய சோளத்தோல் வாசனை மூக்கில் வந்தது.

மூன்று மணிக்கு ஐஷம் வந்தான். பாலத்திலிருந்து நேராக வந்ததால் முழங்கால்வரை ஈரம், சட்டையில் தார். கூட்டம் வழிவிட்டது. பிடில் நின்றது. ஜனங்களுக்கு வாயெல்லாம் பல், இன்றைக்கு என்ன கோழியோ! காட்ஃப்ரி ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்று, 'இறகு, இறகு' என்று கையை இறக்கை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஐஷம் நடந்து வந்து, ஓக் மரத்து நிழல் தொடங்குகிற கோட்டில் நின்றான். அவள் நிழலுக்கு உள்ளே, அவன் வெயிலில். வாயைத் திறந்தான். "மதிப்பிற்குரிய..." என்றான். அத்தோடு சரி. மூன்று வாரப் பாடமும் ஆற்றோடு போய்விட்டது.   கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது. அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவனுக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டான்.

"மகலா, வரலாமா?"

மரத்தடி குலுங்கிச் சிரித்தது. "விருந்தாளி வந்துட்டாருப்பா!" என்று யாரோ கத்தினார்கள். காட்ஃப்ரி பீப்பாயிலிருந்து விழுந்தே விட்டான்.

மகலா சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். அந்தச் சோளக்களத்து நாள் முடிந்து, அவளை ஒரு குடிசையில் விட்டுவிட்டு எல்லாரும் போனபோது, இவன் வாசலுக்கு வெளியே வந்து நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. இதே தொப்பி மாதிரி ஒரு தொப்பி, இதே மாதிரி வயிற்றோடு. "வரலாமா?" அவள் பதில் சொல்லவில்லை. அவன் போய் வைக்கோல் கொட்டகையில் படுத்தான். மறுநாளும் வந்தான். கேட்டான். போனான். மழையிலும் வந்தான். உள்ளே வரச் சொல்லி எசமானே கொடுத்த உரிமை கையில் இருந்தது, அந்தக் குடிசைக்குக் கதவும் கிடையாது. மந்தமான ஆள், பயந்த ஆள் என்று நினைத்தாளே! அவள் சொல்லும்வரை வந்தான். சொன்ன பிறகும் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அட பாவி மனுஷா! அவள் எந்தக் கேள்விக்காக இரண்டு மாதமாக வேறு வீட்டில் உட்கார்ந்திருந்தாளோ அது தினமும் அவள் வாசலிலேயே அல்லவா நின்றது!

"வா" என்றாள் மகலா. பக்கத்திலிருந்த சைனிக்குக்கூடக் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். "வாய்யா!"

அவன் நிழலுக்குள் வந்தான். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார். "பேரு?"

"ஐஷம் பிரிட்ஜஸ். இவ மகலா." பாலம் கட்டுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வேண்டும்? காட்ஃப்ரிக்குத்தான் அந்தப் பெயர் தனக்குத் தோன்றவில்லையே என்று முகம் வாடியது.

"எப்போலேர்ந்து புருஷன் பெண்டாட்டி?"

"நாப்பத்து நாலு நவம்பர் இருபது" என்றான் ஐஷம். "சோளம் உரிச்ச அன்னிக்கு."

"இல்ல" என்றாள் மகலா.

சைனி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டா!" ஐஷம் தொப்பியைப் பிசைந்தான்.

"அது எசமான் டாலிவர் சொன்ன நாளு" என்றாள் மகலா குமாஸ்தாவிடம். "அதுக்கப்புறம் பதினேழு நாள் இந்த ஆளு வாசல்ல வந்து கேட்டாரு. பதினேழாவது நாள் நான் வான்னு சொன்னேன். அதுலேர்ந்து எழுதுங்க."

குமாஸ்தா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, பதினேழு நாளு. இதுல சர்க்காருக்கு என்ன வித்தியாசம்?"

"சர்க்காருக்கு ஒண்ணுமில்லைங்க. எனக்குத்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு விரல் விட்டு எண்ணி, எழுதியதை அடித்துவிட்டு, டிசம்பரில் ஒரு தேதியை எழுதினார். ஐஷம் பக்கத்தில் நின்று, எழுத்துத் தெரியாவிட்டாலும், மை காயும்வரை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பதினேழா?" என்றான் மெதுவாக. "நீ எண்ணினியா?"

"பின்ன? உள்ள உக்காந்து வேற என்ன செஞ்சேன்?" என்றாள் மகலா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. பிடில் மறுபடியும் கிளம்பியது. யாரோ துடைப்பத்தைக் கொண்டுவந்து தரையில், தரையோடு தரையாக, கிடத்தினார்கள். மகலா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதை ஒரே தாண்டாகத் தாண்டினாள். திரும்பி நின்று இன்னொரு தடவை தாண்டினாள். மூன்றாவது தடவையும் தாண்டப் போனவளை ரோடிதான் இழுத்துப் பிடித்தது.

இஸ்திரிப் பெட்டிகள் இரண்டும் ஐஷத்தின் தலையில் ஊர்வலமாக வீடு வந்து சேர்ந்தன. மகலா முன்னால் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவன் வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்தான், தொப்பியைக் கழற்றினான்.

"மகலா, வரலாமா?"

அவள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். தார் அப்பிய சட்டை, ஈரக் கால்சட்டை, இருபத்திரண்டு வருஷத்து முகம்.

"கொஞ்சம் இரு" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

தெருவே அவனைப் பார்த்துச் சிரித்தது. ஐஷமும் சிரித்துக்கொண்டு, தொப்பியை வயிற்றோடு பிடித்தபடி நின்றான்.